மூன்று சில்லும் ஒரு முதுகும்

மக்கீனுக்கு முதுகு பிடித்துக்கொண்டது நாவிதன்வெளியில், கனகாம்பிகை வீட்டுப் படலையடியில், அரைக் கிலோ கீரி மீன் நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த நேரத்தில். ஒரு கையில் தராசு. பாரத்தோடு சாயப்போன மோட்டார் சைக்கிளை ஒற்றைக் காலால் தாங்கினார். இருபது வருடமாகச் செய்கிற காரியம்தான். அன்றைக்கு மட்டும் இடுப்புக்கு மேலே எதுவோ ‘டக்’கென்று விட்டுப்போனது. மீன் பெட்டி ஒரு பக்கம், ஐஸ் ஒரு பக்கம், மக்கீன் ஒரு பக்கமாக மணலில் கிடந்தார்கள். கனகாம்பிகை மீனைப் பார்க்கவில்லை, முதலில் மனிதனைத்தான் தூக்கினாள் என்று மக்கீன் பிறகு எல்லோரிடமும் சொன்னார். காகங்கள் அவ்வளவு பெருந்தன்மை காட்டவில்லை.

பக்கத்து வயலில் வேளாண்மை வெட்டு நடந்துகொண்டிருந்ததால் ஒரு லாண்ட்மாஸ்டர், பெட்டி பூட்டிய கை உழவு இயந்திரம், கிடைத்தது. பெட்டியில் வைக்கோலைப் பரப்பி, அதன் மேல் அவரைக் கிடத்தி, கிட்டங்கியைத் தாண்டிக் கல்முனைக்குக் கொண்டுவந்தார்கள். லாண்ட்மாஸ்டரில் ஏறினால் நல்ல முதுகே கெட்டுப்போகும். கெட்ட முதுகின் கதியைச் சொல்லத் தேவையில்லை.

ஆஸ்பத்திரி டொக்டர் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “டிஸ்க் விலகியிருக்கு. இது ஓடுறதால வந்த வருத்தமில்ல, நிப்பாட்டுறதால வந்தது. படலைக்குப் படலை அந்தப் பாரத்த ஒத்தக் காலால தாங்கியிருக்கிங்க. இனி ரெண்டு சில்லு வண்டி வேணாம்” என்றார்.

ரெண்டு சில்லு வேண்டாம் என்றால் மூன்று சில்லு. இந்தக் கணக்கைப் போட்டவன் மருமகன் மிஹ்லார்.

இந்தக் கரையில் மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு மகளுக்குத்தான். மக்கீனும் கட்டிய வீட்டை மகள் அம்ஹாவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, அதே வளவின் பின்பக்கத்தில் இரண்டு அறையும் ஒரு குசினியும் இறக்கி, மனைவி முஸ்பிறாவோடு அங்கே போய்விட்டார். முன்வீட்டுக்கு மருதமுனையிலிருந்து வந்த மாப்பிள்ளைதான் மிஹ்லார். கல்முனையில் கேற்றும் கிறில்லும் அடிக்கிற வெல்டிங் கடை வைத்திருந்தான். வாய் பேசாது, கை பேசும். ஆள் உயரம். குனியாமல் நுழைந்தால் வாசல் நிலை நெற்றியில் இடிக்கும்.

மருமகனை எங்கள் ஆட்கள் தலையில் வைத்துத்தான் பழக்கம். தலையில் வைத்ததன் பாரம் முதுகுக்குத்தான் இறங்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. கலியாணமாகி மூன்று வருடமாகியும் முஸ்பிறா மருமகனுக்கு முன்னால் வந்து நின்று பேசியதில்லை. சாப்பாட்டு வேளையில் கதவுக்குப் பின்னால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “அம்ஹா, மருமகனுக்கு ஆணம் போதுமா எண்டு கேளு” என்பாள். மருமகன் நாலடி தள்ளி உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு அம்ஹா ஒருமுறை கேட்பாள். மக்கீனும் அப்படித்தான். மருமகன் கொண்டுவந்த மாம்பழம் புளித்தாலும் தேன் என்பார்.

மாமா படுக்கையில் கிடந்த நாட்களில் மிஹ்லார் பழைய மோட்டார் சைக்கிளைக் கடைக்குக் கொண்டுபோனான். பின்பாதியை வெட்டி எடுத்துவிட்டு, பழைய முச்சக்கர வண்டியின் அச்சைப் பூட்டி, பின்னுக்கு இரண்டு சில்லு வைத்தான். இரண்டுக்கும் நடுவில் மீன் பெட்டி. வான் ஒன்றிலிருந்து கழற்றிய, முதுகு சாய்கிற ஆசனத்தை ஓட்டுகிறவருக்கு வைத்தான். எல்லாம் சரி, அளவு? மாமாவின் இடுப்பில் நாடாவைப் பிடிப்பதா? காலைப் பிடித்து நீட்டி முழங்காலுக்குக் கணக்கெடுப்பதா? நினைக்கவே அவனுக்குக் கூச்சமாக இருந்தது. மரியாதை தெரிந்த பிள்ளை. தானே ஏறி உட்கார்ந்து, தன் கைக்கும் காலுக்கும் பொருத்தமாக எல்லாவற்றையும் ஒட்டிவிட்டான். மக்கீனோ முஸ்பிறாவை விட நாலு விரல் கட்டை.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வண்டி வீட்டுக்கு வந்தது. பச்சைப் பெயின்ற் பளபளத்தது. மக்கீன் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சொந்த மகன் இருந்திருந்தாலும் இப்படிச் செய்திருப்பானா என்று நினைத்தார். ஏறி உட்கார்ந்ததும் கால் மிதிக்கு எட்டவில்லை என்பது அந்த நிமிடமே தெரிந்துவிட்டது. முன்னால் மருமகன் கைகட்டி நின்றான்.

“எப்படி மாமா?”

“சோக்கா இரிக்கி மருமகன். மாஷா அல்லாஹ், ராசாட சிம்மாசனம்.”

அந்தச் சிம்மாசனம் அவரைப் படுத்திய பாடு கொஞ்சமல்ல. ஆசனத்தில் சாய்ந்தால் கை ஹேண்டிலுக்கு எட்டாது. ஹேண்டிலைப் பிடித்தால் முதுகு அந்தரத்தில் நிற்கும். கால் விரல் நுனிதான் மிதியில் படும். ஆசனத்தின் விளிம்பு முழங்காலுக்குப் பின்னால் வெட்டும். பள்ளம் ஒன்றில் சில்லு விழுந்தால் அந்த அடி நேரே நாரிக்கு, அடிமுதுகுக்கு, வரும். ஒழுங்கை முடிந்து வீதி வரும் வரை மார்பை நிமிர்த்திக்கொண்டு போவார். முன்வீட்டு யன்னல் மறைந்ததும் வேலியோரம் நிறுத்திவிட்டு, இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கச்சான் காற்று அடிக்கிற காலம். புழுதியும் வெக்கையும் முகத்தில் அறையும். பெட்டிக்குள் மீன் சுகமாக ஐஸில் படுத்திருக்கும்.

முஸ்பிறா ஒரு தலையணை தைத்துக் கொடுத்தாள். இலவம்பஞ்சுத் தலையணை. முதுகுக்கு வைத்தால் நழுவியது, அடியில் வைத்தால் ஆளை இன்னும் உயர்த்திக் காலை இன்னும் தொங்கவிட்டது. மெத்து மெத்தென்று இருந்தால் சுகம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

நாவிதன்வெளியில் கனகாம்பிகை படலையைத் திறந்துகொண்டு வந்தாள். மக்கீனை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் அவள் கூப்பிடுவாள்.

“என்ன காக்கா, ஆருட வண்டி இது?”

“என்ட வண்டிதான் தங்கச்சி. மருமகன் செஞ்சு தந்தது.”

“வண்டி வடிவாத்தான் கிடக்கு. நீங்கதான் அதுக்குள்ள தொலைஞ்சு போய்க் கிடக்கிறீங்க. தகப்பன்ட சப்பாத்துக்குள்ள கால விட்ட புள்ள மாதிரி.”

“சீ, நல்ல சொகுசு.”

“சொகுசெண்டா முகம் ஏன் இஞ்சி திண்ட மாதிரிக் கிடக்கு? மருமகன்ட்டச் சொல்லி அளவாக்கி எடுங்களன்.”

“மருமகன்ட்டக் குறை சொல்றதா? நல்லாக் கதைச்சாய். எங்கட ஆக்களுக்குள்ள அதெல்லாம் சரிவராது.”

“எங்கட ஆக்களும் சொல்லமாட்டாங்கதான்” என்று சிரித்தாள் கனகாம்பிகை. “ஆனா எங்கட மருமக்கள் ஆரும் மாமனாருக்கு வண்டி செஞ்சு குடுக்கிறல்லயே. அதால எங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்ல. பாரை இரிக்கா?”

அன்று பகல் சோற்றுக்குப் பிறகு மக்கீன் குப்புறப் படுத்தார். முஸ்பிறா தைலம் தேய்த்தாள்.

“நான் அம்ஹாட்ட ஒரு சொல்லுச் சொல்லட்டா?”

“என்னத்த?”

“வண்டி உங்களுக்குச் சரியில்ல எண்டு.”

“வாயப் பொத்து. அவ புருசன்ட்டச் சொல்லுவா. நெருப்புக்கு முன்னால நிண்டு கண்ணெரிய எரியச் செஞ்சு குடுத்தன், கிழவன் நொட்டை சொல்றான் எண்டு அந்த மனிசன் நினைக்கமாட்டாரா?”

“நினைச்சா நினைக்கட்டும். நோகிற முதுகு உங்கட.”

“முதுகு என்டது. வாழுற வாழ்க்கை மகள்றது. மேல தேய், மேல. அங்க இல்ல.”

முஸ்பிறா தேய்த்தாள். தேய்த்துக்கொண்டே அழுதாள். தைலம் கண்ணில் பட்டுவிட்டது என்றாள்.

நாளாக ஆக நோவு காலுக்கு இறங்கியது. ஒரு நாள் ஒலுவில் துறைமுகத்தில் மீனை ஏற்றிவிட்டு, நிந்தவூர் வருவதற்குள் நாலு இடத்தில் நிறுத்தினார். பாதி மீனை வழியில் கண்டவிலைக்குக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பினார். இனி ஏலாது என்று அவருக்கு விளங்கிவிட்டது. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு மிஹ்லாரைக் கூப்பிட்டார்.

“மருமகன், வண்டியில ஒரு குத்தமும் இல்ல. என்ட நாரிதான் ஒத்துக்குதில்ல. நான் தொழில விடப்போறன். வண்டிய ஆருக்காவது குடுப்பம்.”

மிஹ்லார் தலையைக் குனிந்துகொண்டான். “உங்கட விருப்பம் மாமா. வீட்ட இரிங்க. நாங்க இருக்கம்தானே” என்றான்.

அன்பாகத்தான் சொன்னான். அந்த அன்புதான் மக்கீனை வாட்டியது. ஐம்பத்தாறு வயதில் மகளின் அடுப்புப் புகையைப் பார்த்துக்கொண்டு, சோறு வரும்வரை கதிரையில் உட்கார்ந்திருக்கவேண்டும். வேளாண்மைக் காற்றில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவதும், நாலு பெண்கள் நாலு பக்கத்தால் விலை கேட்பதும், அவர்களோடு சண்டை பிடித்துத் தோற்பதும் இனி இல்லை. வண்டியை விற்பதை நினைத்தால் அவருக்குத் தன்னையே விற்பதுபோல் இருந்தது. அன்று அவர் சோறு உண்ணவில்லை.

சனிக்கிழமை நிந்தவூர்க் கச்சிமுகம்மது வண்டி பார்க்க வந்தார். அவரும் மீன் வியாபாரிதான். நெடிய மனிதர், கமுகு. ஏறி உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். கால் இரண்டும் மிதியில் பூட்டினதுபோல் உட்கார்ந்தன. கை தானாகப் போய் ஹேண்டிலைப் பிடித்தது. ஒழுங்கை முனை வரை ஓடிப்போய்த் திரும்பி வந்தார்.

“என்ன காக்கா, இது வண்டியா? சாய்மனைக் கதிர! எனக்கெண்டே அளவெடுத்துச் செஞ்ச மாதிரி இரிக்கி. இத விக்கிறதுக்கு உங்களுக்கு விசரா?”

“எனக்கு நாரி சரியில்ல.”

“அப்ப எனக்குத்தான். திங்கக்கிழம அசருக்கு வந்து எடுக்கன். வேற ஆளுக்குக் குடுக்கப்படாது, சொல்லிட்டன்.”

“குடுக்கமாட்டன். வாக்கு” என்றார் மக்கீன். கைகொடுத்துக்கொண்டார்கள்.

கச்சிமுகம்மது போன பிறகும் மிஹ்லார் நின்ற இடத்திலேயே நின்றான். எனக்கெண்டே அளவெடுத்த மாதிரி என்று அந்த மனிதர் சொன்னது அவனைக் குடைந்தது. அந்த மனிதரும் அவனும் ஒரே உயரம். மாமாவின் தோள் அவனுடைய நெஞ்சுக்கு வரும். தினமும் வண்டி வாசலால் போவதைப் பார்த்தவன்தான். மாமாவை உற்றுப் பார்ப்பது அழகில்லை என்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டே பார்த்தவன்.

“மாமா, ஒருக்கா ஏறி இரிங்க.”

“இனி என்னத்துக்கு மருமகன்?”

“சும்மா ஏறுங்க.”

மக்கீன் ஏறினார். மிஹ்லார் மணலில் குந்தி, பக்கவாட்டில் இருந்து பார்த்தான். முதுகுக்கும் ஆசனத்துக்கும் நடுவில் ஒரு தலையணை போகிற இடைவெளி. கால் விரல்கள் மிதியைத் தேடிக்கொண்டிருந்தன.

“முதல் நாள் தொட்டு இப்படித்தானா?”

மக்கீன் ஹேண்டிலைப் பார்த்தார்.

“ஏன் மாமா ஒரு சொல்லுச் சொல்லல்ல?”

“நீங்க மருமகன்.” பிறகு மக்கீனும் கேட்டார். “நீங்க ஏன் என்ன ஏத்தி வெச்சு அளவு பார்க்கல்ல?”

“நீங்க மாமா.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று வருடத்தில் அதுதான் முதல் தடவை என்றுகூடச் சொல்லலாம். முதலில் சிரித்தது மக்கீன்தான். சிரித்ததும் நாரியில் சுரீரென்று இழுத்தது.

மிஹ்லார் சிரிக்கவில்லை. “வாப்பா சுனாமியில மௌத்தாகக்குள்ள நான் சின்னப் புள்ள மாமா. அதுக்குப் புறகு என்ட வேலையில பிழை இரிக்கி எண்டு சொல்றதுக்கு வீட்ட ஒரு ஆளில்ல. கடைக்கு வாறவன் சொன்னா அது வேற சொல்லு. நீங்க சொல்லுங்க. எங்கெங்க நோகுது?”

மக்கீன் முதலில் மெதுவாகத்தான் தொடங்கினார். மிதி கொஞ்சம் தூரம் என்றார். பிறகு ஹேண்டில். பிறகு ஆசன விளிம்பு. பிறகு வாய்க்கால் உடைத்துக்கொண்டது.

“பிறேக்க மிதிக்கக் கால எட்டிப் போடோணும், அதுக்குள்ள மாடு குறுக்க வந்து போயிரும். சீற்றுப் பஞ்சு புதையுது, இருந்தா எழும்ப ஏலா. கண்ணாடியில வானந்தான் தெரியுது மருமகன், பின்னால வாறவன் தெரியல்ல. பள்ளத்தில விழுந்தா அடி உச்சிக்கு வருது.”

மிஹ்லார் பின்சில்லைத் தட்டிப் பார்த்தான். கல்.

“காத்து ஆர் அடிச்ச?”

“நான்தான். மீன் வண்டிக்குக் கல்லு மாதிரி அடிக்கோணும். இருவது வருசமா நான் அப்படித்தான்.”

“அது ஒத்தச் சில்லு பெட்டியத் தாங்கின காலம் மாமா. இப்ப ரெண்டு சில்லு பகிர்ந்து தாங்குது. இவ்வளவு அடிச்சா ரோட்டில இருக்கிற கல்லெல்லாம் உங்கட நாரிக்குத்தான் வரும்.”

“அப்ப அது என்ட பிழையா?”

“ஓம், அது உங்கட பிழை” என்றான் மிஹ்லார். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். மக்கீனுக்கு ஏனோ அது பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடைச் சாமான்கள் எல்லாம் வளவுக்கு வந்துவிட்டன. மிஹ்லார் நாடாவைப் பிடித்துக் கூச்சமில்லாமல் மாமாவின் இடுப்பையும் தொடையையும் கையையும் அளந்தான். ஆசனத்தைக் கழற்றி முன்னுக்கும் கீழுக்கும் கொண்டுவந்தான். புதைகிற பஞ்சை எறிந்துவிட்டு, கொஞ்சம் இறுக்கமான பஞ்சை மெல்லியதாக வைத்தான். நாரி வளைவுக்குக் கைத் தடிமனில் ஒரு உருளை தைக்கச் சொல்லி அம்ஹாவிடம் கொடுத்தான். ஹேண்டிலைப் பின்னுக்கு வளைத்தான். ஒவ்வொன்றுக்கும் மாமா ஏறி இறங்க வேண்டும்.

முஸ்பிறா தேத்தண்ணி கொண்டு வந்தபோது புருசனின் குரல் ஒழுங்கை வரை கேட்டது.

“இன்னும் கிட்ட! இன்னும்! இது சரிவரல்ல, திருப்பி வெட்டுங்க!”

அவளுக்கு உயிர் போய்விட்டது. “யா அல்லாஹ், மருமகனோடயா இப்படிக் கதைக்கிற!”

வண்டிக்கு அடியில் இருந்து மிஹ்லாரின் குரல் வந்தது. “கதைக்கட்டும் மாமி. அவர் கதைச்சாத்தான் வேலை நடக்கும்.”

மாமி என்று நேராகக் கூப்பிட்டுவிட்டான். முஸ்பிறா ஒரு கணம் திகைத்தாள். கதவைத் தேடினாள், வளவில் கதவு ஏது? “சரி. தேத்தண்ணி ஆறப்போகுது, எழும்பிக் குடிங்க” என்று அவளும் நேராகவே சொன்னாள். வானம் இடிந்து விழவில்லை.

பொழுது சாய மக்கீன் வண்டியைக் கடற்கரை வீதிக்கு எடுத்தார். முதல் தடவை திரும்பி வந்து கண்ணாடியைச் சொன்னார். இரண்டாம் தடவை இடது மிதியைச் சொன்னார். மூன்றாம் தடவை போனவர் திரும்ப நேரமாகியது. பாதி வழியில் அவருக்கு ஒரு விஷயம் உறைத்திருந்தது. முதுகு சாய்ந்திருக்கிறது, கையும் ஹேண்டிலில் இருக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில். வீதியில் இருந்த பள்ளங்களை அவர் வேண்டுமென்றே தேடித் தேடி விழுத்திப் பார்த்தார். நாரி வாய் திறக்கவில்லை. கடலைப் பார்த்து ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று உரக்கச் சொன்னார். பாண்டிருப்பு வரை போய்த்தான் திரும்பினார்.

திரும்பி வந்தவரின் முகம் மங்கியிருந்தது.

“இன்னும் நோகுதா மாமா?”

“இல்ல. நோவு இல்ல. வாக்குக் குடுத்திட்டனே மருமகன்.”

மிஹ்லார் கையிலிருந்த கிறீஸைத் துணியில் துடைத்தான். நெடுநேரம் துடைத்தான். “நீங்க சொன்ன சொல்லு எனக்கும் சொல்லுதான். அவர் கேட்டா அவர்ர அளவுக்கு மாத்திக் குடுக்கத்தான் வேணும்” என்றான். முஸ்பிறாவுக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த இரண்டு மனிதர்களும் வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் பொத்துகிறார்கள், பொத்த வேண்டிய இடத்தில் திறக்கிறார்கள் என்று தனக்குள் சபித்தாள்.

திங்கட்கிழமை அசர் தொழுது கச்சிமுகம்மது வந்தார். சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு உரிமையோடு ஏறினார். ஏறியவரின் முழங்கால் இரண்டும் ஹேண்டிலுக்கு மேலே போய் நின்றன. திருப்பிப் பார்த்தார், ஹேண்டில் தொடையில் இடித்தது. வேலிக்குப் பின்னால் குந்தியிருக்கிறவர் போல இருந்தார்.

“தம்பி, என்ன அநியாய வேலை செஞ்சு வெச்சிரிக்காய்! நல்ல வண்டிய நாசமாக்கிட்டியே!”

“உங்கட அளவுக்குத் திருப்பி ஆக்கித் தாறன் சாச்சா” என்றான் மிஹ்லார். “ரெண்டு நாள் தாங்க.”

மக்கீன் ஆசனத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கச்சிமுகம்மது இறங்கினார். மீனின் கண்ணைப் பார்த்து எந்த நேரம் பிடித்த மீன் என்று சொல்கிறவருக்கு மனிதனின் கண் பெரிய காரியமா? “காக்கா, நீங்க ஒருக்கா ஏறுங்க பார்ப்பம்” என்றார்.

மக்கீன் ஏறினார். சுவரையோ ஆளையோ பிடிக்காமல் ஏறினார். சாய்ந்தார்.

“நாரி சரியில்ல எண்டுதானே விக்கிற எண்டிங்க?”

“ஓம்.”

“இப்ப நாரி எப்படி?”

பொய் சொல்ல மக்கீனுக்கு இந்த மாதத்தில் நல்ல பழக்கமிருந்தது. ஆனாலும் வரவில்லை. “இப்ப… சுகமா இரிக்கி தம்பி” என்றார்.

“அப்ப என்னத்துக்கு விக்கப்போறிங்க? எனக்குத் தந்த வாக்கப் பார்த்தா? இந்தாங்க, உங்கட வாக்க நீங்களே வெச்சிக்கங்க” என்று கச்சிமுகம்மது கையைப் பிடித்துக் குலுக்கினார். பிறகு மிஹ்லார் பக்கம் திரும்பினார். “தம்பி, எனக்கு வேற ஒண்டு செஞ்சு தா. சனிக்கிழம கிடந்த மாதிரியே.”

மிஹ்லார் உடனே நாடாவை எடுத்துக்கொண்டு போய் அவருடைய இடுப்பைச் சுற்றினான். “டேய், கூசுதுடா!” என்று நிந்தவூர்க்காரர் துள்ளினார். முஸ்பிறா முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள், கண்ணீரும் வந்தது. இந்தத் தடவை தைலத்தில் பழி போட முடியாது.

“விடிய ஒலுவிலுக்குப் போகோணும்” என்றார் மக்கீன் ஆசனத்தில் இருந்தபடியே. “பெட்டியக் கழுவி வை புள்ள.”

“சரி, இறங்குங்களன் இப்ப. ஆரும் புடுங்கிட்டுப் போகமாட்டாங்க.”

அவர் இறங்கவில்லை. கச்சிமுகம்மது அளவு கொடுத்து முடித்துப் போனார். அம்ஹா விளக்கைப் போட்டாள். அவர் அப்படியே சாய்ந்திருந்தார். மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் இருக்கிற பள்ளிவாசலுக்கு மக்கீன் அன்றைக்கு வண்டியிலேதான் போனார்.